தொண்ணூற்றொன்பது போதுமா?

(ஆசிரியர் தின வாரத்தில் வழங்கப்பட்ட வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். இறைவார்த்தை: லூக்கா 14:28-33, 15:1-7)



திருவழிபாட்டின் மூன்றாம் ஆண்டில், ஆசிரியர் தினம் வரும் செப்டம்பர் மாதத்தில், லூக்கா நற்செய்தியின் 14, 15 ஆகிய அதிகாரங்கள் ஞாயிறு வாசகங்களாக வருகின்றன. பொதுக்காலம் 23ஆம் ஞாயிறன்று கோபுரம் கட்ட நினைக்கும் ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். 24ஆம் ஞாயிறன்று நூறு ஆடுகளில் ஒன்றைத் தொலைத்த ஓர் ஆயனைச் சந்திக்கிறோம். இரண்டு பேருமே கணக்குப் போடுகிறவர்கள். முதலாமவர் கடைக்கால் தோண்டும் முன்பே உட்கார்ந்து, கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு செலவாகும் என்று பார்க்கிறார். கடைக்காலோடு வேலை நின்றுவிட்டால் போவோர் வருவோர் சிரிப்பார்களே என்ற கவலை அவருக்கு. இரண்டாமவர் பொழுது சாயும் நேரத்தில் ஆடுகளை எண்ணுகிறார். தொண்ணூற்றொன்பதுதான் வருகிறது. நூறாவது ஆட்டைத் தேடிப் புறப்படுகிறார்.

இந்த இரண்டு கணக்குகளையும் இன்று நம் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் முன்னால் வைக்க விரும்புகிறோம். தலைமை ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கும், பள்ளிகளை நடத்தும் திருச்சபைக்கும் சேர்த்தே இதைப் பேசுகிறோம்.

முதலில் கோபுரம் கட்டுகிறவரின் கணக்கு. திட்டமிடுவது விசுவாசக் குறைவு என்று சிலர் நினைப்பதுண்டு. ‘எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் ஆண்டவரே உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொல்கிறார். ஒரு பள்ளிக்கூடத்தை நடத்துவது கோபுரம் கட்டுவதை விடப் பெரிய வேலை. கல் பிழைத்தால் பெயர்த்து வைக்கலாம். ஒரு பிள்ளையின் ஆறாம் வகுப்பு ஆண்டு வீணாகப் போனால், அதைத் திரும்பக் கொடுக்க யாராலும் முடியாது.

அரசும் இதை உணர்ந்தே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அடுத்த 22ஆம் பிரிவு, அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் பல இடங்களில் அந்தத் திட்டம் எப்படி இருக்கிறது? சுற்றுச்சுவர் வேண்டும், கழிப்பறை வேண்டும், இரண்டு வகுப்பறை வேண்டும் என்று எழுதி, கையெழுத்து வாங்கி, கோப்பில் வைத்துவிடுகிறோம். இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்தத் தாளில் ஒரு பிள்ளையின் பெயர் கூட இல்லை. யாருக்கு வாசிக்கத் தெரியவில்லை, யார் பத்து நாளாக வரவில்லை என்பது அதில் இல்லை. சுவருக்குத் திட்டம் இருக்கிறது. பிள்ளைக்குத் திட்டம் இல்லை.

பிள்ளைகளைப் பற்றிய திட்டம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை மே மாதத்தில் தேர்வு முடிவு வரும்போது பள்ளி வாசலில் பார்க்கலாம். ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்று பெரிய ஃபிளெக்ஸ் பலகை. மாநில அளவில் முதல் இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டே கைவிட்டுவிட்டது. ஆனாலும் பள்ளிகளுக்குள் போட்டி நின்றபாடில்லை. நூறு என்ற எண்தான் இப்போது எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, நூறு விழுக்காடு நல்லதுதான். அது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. ஒரு பள்ளியைக் கற்பனை செய்து பார்ப்போம். ஆறாம் வகுப்பில் 60 பிள்ளைகள் சேர்ந்தார்கள். எட்டாம் வகுப்பை முடிக்கும்போது 55 பேர் இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் சிலரின் பெற்றோரை அழைத்து, ‘உங்கள் பையனுக்குப் படிப்பு ஏறாது, வேறு பள்ளி பாருங்கள், டி.சி. கொடுத்துவிடுகிறோம்’ என்றார்கள். வேறு சிலரிடம், ‘தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும்’ என்றார்கள். கடைசியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 44 பேர். 44 பேரும் தேர்ச்சி. பலகையில் நூறு விழுக்காடு. ஆனால் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 60 பேரை வைத்துக் கணக்கிட்டால் 73 விழுக்காடுதான். மீதி 16 பிள்ளைகளை எந்தப் பலகையிலும் காணோம்.

நற்செய்தியில் வரும் ஆயன் இந்தக் கணக்கைக் கற்றிருந்தால் அவருக்கு எவ்வளவு எளிதாகப் போயிருக்கும்! தொலைந்த ஆட்டின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டு, ‘என் மந்தையில் மொத்தமே தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பதும் பத்திரம், நூறு விழுக்காடு’ என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. காலையில் பட்டியை விட்டு எத்தனை ஆடுகள் வெளியே வந்தனவோ, அந்த எண்ணை வைத்துத்தான் மாலையில் எண்ணினார். இன்று நாம் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். தேர்வு எழுதியவர்களை வைத்து எண்ணாதீர்கள். வாசலுக்குள் வந்தவர்களை வைத்து எண்ணுங்கள். இந்த ஒரு மாற்றம் நடந்தால், பள்ளியின் திட்டம் முழுவதும் தானாகவே மாறும்.

சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எட்டு வரை சட்டம் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் சட்டம் கையை விட்டுவிடுகிறது. அந்த இடத்தில் பிள்ளையின் கையைப் பிடிக்கத் தலைமை ஆசிரியரின் மனச்சான்று மட்டும்தான் இருக்கிறது.

காணாமற்போகும் பிள்ளைகள் யார்? நம் மாவட்டத்தில் இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதன் மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று மலை மேல் ஊர்கள். 1976ஆம் ஆண்டு வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை அது. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளில் பல பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தைப் பார்ப்பவர்கள். அவர்களுக்காக அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போன பிள்ளை திரும்பி வராமல் போவதுண்டு. அப்பா அம்மா தோட்ட வேலைக்குக் கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ போயிருப்பார்கள், தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பெண் கூடப் போயிருப்பாள். பதினைந்து வயதில் அந்தப் பெண்ணுக்குத் திருமணப் பேச்சு தொடங்கிவிடும். பையனைத் தேடிச் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர் வருவார். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அந்தக் காட்டுக்குப் போகும் வழி, பள்ளியை விட்டுப் பிள்ளை நின்றுபோகும் நாளில்தான் தொடங்குகிறது.

கீழ்நாட்டிலும் நிலைமை வேறல்ல. கரும்பு வெட்டும் பருவம் வந்தால் சில குடும்பங்கள் ஊர் விட்டு ஊர் போகின்றன. கட்டட வேலைக்குப் பெங்களூரு போகும் குடும்பங்கள் இருக்கின்றன. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. கரையோர வீடுகளில் பாத்திரம் பண்டங்களோடு பிள்ளைகளின் புத்தகப் பைகளும் போயின. தகப்பனை இழந்த பிள்ளை, நோட்டுப் புத்தகத்தை இழந்த பிள்ளை, வீட்டில் தினமும் சண்டையைப் பார்க்கும் பிள்ளை, இவர்களெல்லாம் ஒரே பெயரில்தான் பள்ளிப் பதிவேட்டில் நிற்கிறார்கள்: ‘மெல்லக் கற்போர்’. கால் முறிந்த ஆட்டை மெல்ல நடக்கும் ஆடு என்று சொல்வது போலத்தான் இது. ஆயன் அந்த ஆட்டிடம் ‘ஏன் பின்தங்கினாய்?’ என்று கேட்கவில்லை. தோளில் தூக்கிக்கொண்டார்.

சரி, தோளில் தூக்குவது என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன பொருள்? உருக்கமான பேச்சோடு நின்றுவிடக் கூடாது. கோபுரம் கட்டுகிறவரின் திட்டம் இங்கேதான் வேண்டும். நான்கு வேலைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, ஜூன் மாதத்திலேயே எண்ணுங்கள். ஆறாம் வகுப்பில் வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அருகில் உட்காரவைத்து, ஒரு பத்தி தமிழ் வாசிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்று, வகுத்தல் ஒன்று போடச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். 60 பிள்ளைகளுக்கு 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். ஒரே நாள் வேலை. அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும் உண்மை, தெரியாமலே போனால் ஐந்து ஆண்டு கழித்துப் பத்தாம் வகுப்பு ஜனவரியில் தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை. மதிப்பெண் எழுத வேண்டாம். பெயரை எழுதி, எதுவரை வருகிறது என்று மட்டும் எழுதினால் போதும்.

இரண்டாவது, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். 2022 ஜூன் மாதத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது பழகிவிட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் கற்ற அளவுக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். எவ்வளவு அழகான பெயர்கள்! அரும்பைப் பார்த்து ‘நீ ஏன் இன்னும் மலரவில்லை?’ என்று யாரும் திட்டுவதில்லை. தண்ணீர் ஊற்றுகிறோம். ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கும் 2025ஆம் ஆண்டு ‘திறன்’ என்ற பெயரில் இதுபோன்ற முயற்சி வந்திருக்கிறது. திட்டத்தை மேலிருந்து அனுப்பலாம். ஆனால் அந்த நேரத்துக்கு எந்த ஆசிரியரை அனுப்புவது என்று முடிவெடுப்பவர் தலைமை ஆசிரியர்தான். பொதுவாக என்ன செய்கிறோம்? அனுபவமும் திறமையும் உள்ளவரைப் பத்தாம் வகுப்புக்குப் போடுகிறோம். புதிதாக வந்தவரையும், யாரும் இல்லாத பாடவேளையையும் ஆறாம் வகுப்புக்குத் தள்ளுகிறோம். கோபுரத்தின் உச்சியில் நல்ல கொத்தனாரை நிறுத்திவிட்டு, கடைக்காலை யாரோ போடட்டும் என்று விடுவது போன்றது இது. மிகச் சிறந்த ஆசிரியரின் கையில் ஆறாம் வகுப்பைக் கொடுங்கள். பத்தாம் வகுப்பு முடிவு அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது, வராத பிள்ளையைக் கேளுங்கள். இதை நமக்குச் சொல்லிக்கொடுக்கப் புனிதர் ஒருவர் இருக்கிறார். பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் நகரில் 1651ஆம் ஆண்டு பிறந்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். வசதியான குடும்பம், பேராலயத்தில் மதிப்பான பதவி. இரண்டையும் விட்டுவிட்டு ஏழைச் சிறுவர்களுக்குக் கட்டணமில்லாமல் பள்ளிகள் நடத்தினார். எழுத்துக் கூட்டத் தொடங்குவதற்கே இலத்தீனைக் கொடுத்த காலத்தில், பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியிலேயே முதலில் வாசிக்கக் கற்பித்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க நிறுவனம் தொடங்கினார். தம் சபைச் சகோதரர்களோடு சேர்ந்து பள்ளி நடத்துவதற்கென்றே ஒரு கையேடு எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1720இல், அது அச்சில் வந்தது. அந்தக் கையேட்டில், பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வராமல் போகிறார்கள் என்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளையால் வரும் காரணம், பெற்றோரால் வரும் காரணம் என்று சொல்லிவிட்டு, ஆசிரியரால் வரும் காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறார் அந்தப் புனிதர். ஆசிரியரின் கடுமை, ஆசிரியரின் அக்கறையின்மை, இவையும் பிள்ளையை விரட்டும் என்கிறார். ஒவ்வொரு மாணவரின் இயல்பையும் பதிவேட்டில் குறித்து வைக்கச் சொல்கிறார். 1950ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். முந்நூறு ஆண்டுக்கு முன் மையும் இறகும் கொண்டு அவர் செய்ததை, கைப்பேசியில் வருகைப் பதிவு செய்யும் நம்மால் செய்ய முடியாதா? செயலியில் ‘வரவில்லை’ என்று பதிவதோடு வேலை முடியவில்லை. வேலை அங்கேதான் தொடங்குகிறது. தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். குடும்பம் வேலைக்குக் கிளம்பும் பருவம் எது என்று ஊருக்கே தெரியும். கிளம்பும் முன்பே போய், ‘பிள்ளையைப் பாட்டியிடம் விட முடியுமா, விடுதியில் சேர்க்கலாமா?’ என்று பேசினால் பாதிப் பிள்ளைகளாவது தங்குவார்கள்.

நான்காவது, ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு ஊரார் முன் வைப்பார்கள். ஒருவர் கரும்பலகை, ஒருவர் கடிகாரம், ஒருவர் நிலம், இன்னொருவர் பிள்ளைகளுக்குச் சட்டை என்று ஏற்றுக்கொள்வார்கள். பஞ்சம் பார்த்த தலைமுறை அது. ஆனால் ‘இது நம் பள்ளிக்கூடம்’ என்று நினைத்தது. இன்று பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களுக்கு எந்த வீட்டில் பிள்ளை நின்றுவிட்டது, எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு என்று தலைமை ஆசிரியரை விட நன்றாகத் தெரியும். அவர்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். மாதம் ஒருமுறை உட்கார்ந்து, பட்டியலில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இந்தப் பிள்ளைக்கு என்ன செய்தோம், அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறோம்?’ என்று கேளுங்கள். பெரிய திட்டம் வேண்டாம். பத்து இலக்குகள் வேண்டாம். யாரும் எழுத்தறியாமல் இருக்கக் கூடாது, யாரும் நின்றுபோகக் கூடாது என்ற இரண்டு போதும்.

இவ்வளவையும் கேட்கும் ஒரு தலைமை ஆசிரியர் நம்மிடம் நியாயமாகவே சில கேள்விகள் கேட்பார். ‘சாமி, கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது. எமிஸில் பதிவேற்றவே பாதி நாள் போகிறது. ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் எழுப்பி நிற்க வைத்துக் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு ஆட்டைத் தேடிப் போனால் தொண்ணூற்றொன்பதை யார் பார்ப்பார்கள்?’

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆய்வு செய்யும் கல்வி அலுவலர்களுக்கும், தாளாளர் பொறுப்பில் இருக்கும் அருள்பணியாளர்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் நாம் சொல்வது இதுதான். எதைக் கேட்கிறோமோ அதைத்தான் தலைமை ஆசிரியர் கொண்டுவந்து கொடுப்பார். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேட்டால், தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் காட்டுவார். ‘எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள்?’ என்று கேளுங்கள். முழு வகுப்பையும் தேர்வு எழுதவைத்து 90 விழுக்காடு காட்டுபவரைப் பாராட்டுங்கள். பலவீனமான பிள்ளைகளைத் தக்கவைத்ததற்காக எந்தத் தலைமை ஆசிரியரும் தலைகுனிந்து நிற்கும் நிலை வரக் கூடாது.

தொண்ணூற்றொன்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயன் ஒன்றைத் தேடிப் போனதால் தொண்ணூற்றொன்பதும் நஷ்டப்பட்டன என்று நினைக்க வேண்டாம். அந்த மாலையில் அவை ஒரு பாடம் கற்றன. ‘நாளைக்கு நான் தொலைந்தாலும் இவர் என்னைத் தேடி வருவார்’ என்ற பாடம். படிப்பு வராத நண்பனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளியில் முதல் மாணவன் கற்கும் பாடம் வேறு. ‘மதிப்பெண் இருக்கும் வரைதான் எனக்கு இங்கே இடம்’ என்று அவன் கற்கிறான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் கூட ஒரு தேர்வில் சறுக்கினால் உயிரை விடும் அளவுக்குப் போவதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம். பலவீனரைக் காப்பாற்றும் பள்ளியில்தான் பலமுள்ளவர்களும் பயமில்லாமல் படிப்பார்கள்.

இனி நம் கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றி. 1844ஆம் ஆண்டு தொடக்கத்தில் புதுச்சேரியில் ஒரு சினோடு கூடியது. இந்தப் பகுதியின் மறைப்பணி எப்படி இருக்க வேண்டும் என்று குருக்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். அதன் கனிகளில் ஒன்று பெண் கல்வி. பெண் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைக் குடும்பங்கள் அவமானமாகக் கருதிய காலம் அது. அதே ஆண்டு அக்டோபரில் மறைப்பணியாளர் தந்தை துபுயி, பெண்களுக்குக் கல்வி கொடுப்பதற்கென்றே மரியாவின் மாசற்ற இருதய சகோதரிகள் சபையைத் தொடங்கினார். மண்ணின் பெண்களே அதில் கன்னியராகச் சேர்ந்து ஆசிரியைகளானார்கள். அந்தத் திட்டத்தைப் போட்டவர்கள், ‘யார் பள்ளியில் நன்றாகப் படிக்கிறார்கள்?’ என்று கேட்கவில்லை. ‘யார் பள்ளிக்கே வரவில்லை?’ என்று கேட்டார்கள். நம் பள்ளிகள் பிறந்த கேள்வி அது.

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும் அதே கேள்வியைத்தான் எழுப்புகிறது. ஏழைகள், குடும்பத்தின் அன்பும் ஆதரவும் கிடைக்காதவர்கள், நம்பிக்கையைப் பெறாதவர்கள் ஆகியோர் மீது கத்தோலிக்கப் பள்ளிகள் தனி அக்கறை காட்ட வேண்டும் என்று அது கேட்கிறது. அப்படியிருக்க, நம் பள்ளி வாசலில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு எதற்கு? ‘இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தால் ரிசல்ட் போய்விடும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? லூக்கா 15ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். ‘இப்படிப்பட்ட ஆள்களோடு இவர் உட்கார்ந்து சாப்பிடுகிறாரே’ என்று பரிசேயர் முணுமுணுத்தபோதுதான் இயேசு காணாமற்போன ஆட்டின் கதையைச் சொன்னார். அந்தக் கதை முணுமுணுத்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. நமக்கும் அதில் பங்குண்டு.

நம் திருக்கோவிலூர் மண்ணுக்கும் இது புதிதல்ல. தென்பெண்ணை ஆற்றில் கபிலர் குன்று நிற்கிறது. பாரி இறந்த பின், தகப்பனை இழந்த இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரண்மனை அரண்மனையாக நடந்தவர் கபிலர். கேட்ட மன்னர்கள் கைவிரித்தார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாழ்வு அமையும் வரை அவர் ஓயவில்லை. அதன் பிறகே இந்த ஆற்றங்கரையில் உயிர் நீத்தார் என்பது நம் ஊர் மரபு. வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டும் அவர் பெயரைச் சொல்கிறது. எத்தனையோ பாடல்கள் பாடிய பெரும் புலவர் அவர். ஆனால் அந்தக் குன்றைப் பார்க்கும்போது, அநாதைப் பிள்ளைகளைக் கைவிடாத அவருடைய நடைதான் ஊருக்கு நினைவுக்கு வருகிறது.

பெற்றோரே, உங்களுக்கும் பங்கு உண்டு. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எத்தனை விழுக்காடு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் முடிக்கிறார்களா?’ என்று கேளுங்கள். ஊரே அப்படிக் கேட்கத் தொடங்கினால் ஃபிளெக்ஸ் பலகையில் வேறு எண் வரும். உங்கள் பிள்ளைக்கு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னால், வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ‘படிக்கவைப்பதற்குத்தானே அனுப்பினோம்?’ என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நான்கு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை என்றால், அது நமக்கும் கவலையாக இருக்கட்டும். நம் அன்பியக் கூட்டங்களில் செபித்து முடித்ததும், ‘நம் தெருவில் பள்ளிக்குப் போகாமல் நின்ற பிள்ளை யாராவது உண்டா?’ என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம். படித்த இளைஞர்கள் மாலையில் ஒரு மணி நேரம் இரண்டு பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தரலாம். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது, எத்தனை பெண்கள் தங்கள் திண்ணையைப் பள்ளியாக்கினார்கள் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

அன்பார்ந்தவர்களே, ஆட்டைக் கண்டுபிடித்த ஆயன் என்ன செய்தார்? வீட்டுக்கு வந்து, நண்பரையும் அண்டை வீட்டாரையும் கூப்பிட்டுக் கொண்டாடினார். தொண்ணூற்றொன்பதுக்கு நடக்காத விழா ஒன்றுக்கு நடந்தது. அடுத்த மே மாதத்தில் நம் பள்ளி வாசல்களிலும் அப்படி ஒரு பலகை வரட்டும். ‘ஆறாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்தார்கள், 60 பேரும் தேர்வு எழுதினார்கள்’ என்று எழுதிய பலகை. அதில் சிலர் தோற்றிருக்கலாம். அவர்களுக்கு உடனடித் துணைத்தேர்வு இருக்கிறது. சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறார். காத்திருக்கப் பள்ளி இருக்கிறது. யாரும் தொலையவில்லை. அந்தப் பலகையைப் பார்த்து விண்ணகம் மகிழும்.

செபிப்போம். நல்ல ஆயனாம் ஆண்டவரே, எங்கள் தலைமை ஆசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உட்கார்ந்து திட்டமிடும் பொறுமையையும், எழுந்து தேடும் அன்பையும் தாரும். மலையிலும் ஆற்றங்கரையிலும், கரும்புக் காட்டிலும் கட்டட வேலைக் களத்திலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளில் ஒருவரையும் நீர் மறப்பதில்லை. நாங்களும் மறவாதிருக்க அருள்தாரும். தூய தெ லசாலின் பரிந்துரையால் எங்கள் பள்ளிகளை ஆசீர்வதியும்.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.